யார் மடியில் தமிழ்வாணி?

அத்தியாயம் 14

போன வாரம் தமிழ்வாணியைக் கோர்ட் வராந்தாவில் உளுந்தவடையும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். வடை தீர்ந்துவிட்டது. தீர்ப்புதான் இன்னும் வரவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். அலங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அழகுபாண்டிக்கு ஒரே தங்கை, அஸ்வினி. பிரசவத்தோடு போய்விட்டாள். அவள் புருஷன் முத்துப்பாண்டி, காரியம் முடிந்த கையோடு பச்சைக் குழந்தையை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, 'வேலைக்குப் போயிட்டு வாரேன்' என்று பஸ் ஏறினான். ஐந்து வருஷம் ஆகிறது. ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

அன்றிலிருந்து தமிழ்வாணியை வளர்ப்பவர்கள் அழகுபாண்டியும் அவன் மனைவி தாமரைச்செல்வியும். அவளைத் தவிர அவர்களுக்கு வேறு பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போகிற இடமெல்லாம் 'அப்பா யாரு?' என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் முறைப்படி தத்து எடுத்துவிடுவது என்று இறங்கினார்கள். தத்துக்குப் பெற்றவன் சம்மதம் வேண்டும். இங்கே பெற்றவனையே காணோம். 'பிள்ளையைக் கைவிட்டுப் போனவனுடைய சம்மதம் இல்லாமலே கோர்ட் அனுமதி தர வேண்டும்' என்று மனுப் போட்டு, நடையாய் நடந்து, இன்றைக்குத் தீர்ப்பு.

இன்றைக்கேதான் காதுகுத்தும். கூத்தைப் பாருங்கள். ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும், ஆடி பிறப்பதற்குள் குத்த வேண்டும் என்று தாமரைச்செல்வி நாள் குறித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அதன் பிறகு வாய்தா போட்ட கோர்ட், தேடிப்பிடித்து அதே தேதியைக் கொடுத்தது. ஊரில் குலசாமி கோயில் வாசலில் கிடாக்கறி கொதித்துக்கொண்டிருக்க, இவர்கள் மதுரையில் கோர்ட் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

வக்கீல் சாருலதா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வேகமாக வந்தார். முகம் சரியில்லை.

"அழகுபாண்டி, எதிர்ல அந்த ஃப்ளெக்ஸை யார் வச்சது?"

"எந்த ஃப்ளெக்ஸும்மா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக் கூரையைவிட உயரமாக ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழ் மூலையில் போனால் போகிறதென்று தமிழ்வாணி. மேலே பெரிய எழுத்தில், 'எங்கள் வீட்டு இளவரசியை எங்களுக்கே தந்த நீதிக்கு நன்றி! இவண்: தாய்மாமன் மருது, மருது பந்தல் & மைக்செட்.'

மருது, தாமரைச்செல்வியின் தம்பி. தங்கமான பையன். ஆனால் தெருவில் யாராவது புதுச்செருப்பு வாங்கினால்கூட ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆள்.

"இன்னும் தீர்ப்பே வரல. அதுக்குள்ள நன்றியா? ஜட்ஜ் கார் இந்த வழியாத்தான் வரும்!" என்றார் சாருலதா.

"எப்படியும் நமக்குத்தான மேடம் வரப்போகுது. முந்திக்கிட்டு வச்சிட்டேன்" என்றான் மருது, கொஞ்சம்கூடக் கலங்காமல். "நாளைக்குன்னா வேற பய எடத்தப் பிடிச்சிருவான்."

"மொதல்ல அதக் கழட்டு மாப்ள!"

அழகுபாண்டி கத்தியதில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். அவன் கத்தியது சாருலதாவுக்காக மட்டும் அல்ல. 'தாய்மாமன் மருது' என்ற எழுத்து அவனைச் சுட்டுவிட்டது.

"தாய்மாமன் நீயாடா? அப்ப நான் யாரு?"

"கோவிக்காம மொறையப் பாருங்க மச்சான். தத்து எடுத்தா நீங்க அப்பா. எங்கக்கா அம்மா. அம்மாகூடப் பொறந்தவன் யாரு? நான். காது குத்தயில பிள்ளைய யாரு மடியில உக்கார வைக்கணும்? என் மடியில. சீர்த்தட்டெல்லாம் கோயிலுக்குப் போயிருச்சு."

மனுப் போட்ட நாளிலிருந்து இந்த விஷயம் அழகுபாண்டி மண்டையில் ஏறவே இல்லை. அஸ்வினி மாசமாக இருந்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "அண்ணே, காதுகுத்துக்கு உன் மடிதான். தொடை வலிக்குதுன்னு தப்பிச்சு ஓடிராத." அந்தப் பேச்சை அவன் ஐந்து வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தான். தமிழ்வாணி தாமரைச்செல்வியை 'அம்மா' என்று கூப்பிட்டாலும் அவனை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அவனேதான் அப்படிப் பழக்கினான். தங்கச்சி பிள்ளைக்குத் தாய்மாமனாக இருப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. இப்போது அப்பாவாக வேண்டுமென்றால் மாமன் இடத்தை விட்டு எழுந்திரிக்க வேண்டுமாம்.

மருது ஏணி தேடிப்பிடித்து ஃப்ளெக்ஸைக் கழற்றுவதற்குள் நீதிபதியின் கார் உள்ளே போய்விட்டது.

முற்பகலில் வழக்கை எடுத்தார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிற பழக்கம். கோர்ட் சேவகரான டவாலி வாசலுக்குப் போய் வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட்டார்.

"முத்துப்பாண்டி! முத்துப்பாண்டி! முத்துப்பாண்டி!"

அந்தப் பெயர் வராந்தாவின் கடைசி வரை போய்வந்தது. ஒவ்வொரு தடவைக்கும் தாமரைச்செல்வி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். யாரும் வரவில்லை.

"நோட்டீஸ் திரும்பி வந்திருக்கு, யுவர் ஆனர். பேப்பர்ல விளம்பரமும் கொடுத்தாச்சு" என்றார் சாருலதா.

"எல்லாம் பார்த்தேன்" என்றார் நீதிபதி. "ஆனா வேலைக்குப் போன அப்பாவெல்லாம் கைவிட்ட அப்பா ஆகிட மாட்டாங்க. பெத்தவரோட சம்மதத்தை இந்தக் கோர்ட் லேசா ஒதுக்கிட முடியாது." அழகுபாண்டியிடம் திரும்பினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவர் திரும்பி வர்றதுக்கு வழி விட்டிருந்தீங்களா? இல்ல, வந்தாலும் சேர்க்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டீங்களா?"

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது என்பது தாமரைச்செல்விக்கும் விளங்கியது.

அழகுபாண்டி சட்டைப்பைக்குள் கைவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்தான். பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"அம்மா, அவன் பஸ் ஏறயில எங்கிட்ட இருந்த போன் இது. அவனுக்குத் தெரிஞ்ச நம்பரு இது ஒண்ணுதான். நானும் பெரிய போன் வாங்கிட்டேன், வேற நம்பரு எடுத்துட்டேன். ஆனா இத விடல. தீரத்தீர ரீசார்ஜ் போட்டு, போற எடமெல்லாம் தூக்கிட்டுப் போறேன். என்னைக்காச்சும் கூப்பிட்டான்னா கெடைக்கணும்ல."

"கூப்பிட்டாரா?"

"இல்லம்மா. லோன் வேணுமான்னு கேட்டுத்தான் கூப்பிடுறாக."

கோர்ட் ஹாலே சிரித்துவிட்டது. நீதிபதியும் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார்.

"அவர் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கும்மா, அம்புட்டு இருக்கு. ஆனா பிள்ள நாளைக்குப் பெருசாகி, 'எங்கப்பா ஏன் வரல'ன்னு கேட்டா, 'நாந்தான் வரவிடல'ன்னு சொல்ற நெலம எனக்கு வேணாம்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். பிறகு, "குழந்தையை என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. வக்கீல் மட்டும் கூட வந்தா போதும்" என்று எழுந்துபோனார்.

அறைக்குள் நடந்ததைச் சாருலதா பிறகு சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். தமிழ்வாணி பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நீதிபதி கொடுத்த சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னாளாம்.

"உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"அம்மா, மாமா, நான், ஒரு பூன. அப்பறம் போட்டோல அஸ்வினி அம்மா இருக்காக. வெள்ளிக்கெழம அவகளுக்குப் பூ வைப்போம்."

"அப்பா?"

"வேலைக்குப் போயிருக்காருன்னு மாமா சொல்லுச்சு. எனக்குக் காச்சல் வந்தா மாமாதான் கடையச் சாத்திட்டு வரும்."

"அந்த மாமாவே உனக்கு அப்பாவா இருந்தா உனக்குப் பிடிக்குமா?"

தமிழ்வாணி சாக்லேட்டைக் கீழே வைத்தாள். "அப்பா ஆயிட்டா மாமா போயிருமா?"

"போகாதும்மா. அதே மாமாதான்."

"அப்ப சரி. ஆனா அப்பான்னு கூப்பிடணுமா?"

"அதுக்கெல்லாம் கோர்ட் உத்தரவு போட முடியாது. அது உன் இஷ்டம்" என்றாராம் நீதிபதி. எழுந்திரிக்கும்போது, "வாசல்ல ஃப்ளெக்ஸ்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னாரே, அவர் யாரு?" என்றும் கேட்டிருக்கிறார்.

"மருது மாமா. கண்ணாடி அதோடது இல்ல. போட்டோக் கடைல குடுத்தது."

தீர்ப்பை நீதிபதி நிதானமாகப் படித்தார். தாய் உயிரோடு இல்லை. வழி திறந்தே இருந்தும் தகப்பன் இத்தனை காலம் பிள்ளையை நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே கைவிட்டுவிட்டதாகவே கோர்ட் கருதுகிறது. பிள்ளையின் நலனுக்காக, அவன் சம்மதம் இல்லாமலே தத்துக்கு அனுமதி அளிக்கப்படுகிறது.

"என்னங்க, கெடச்சிருச்சா? சொல்லுங்களேன், கெடச்சிருச்சா?" என்று தாமரைச்செல்வி புருஷன் கையை உலுக்கினாள்.

அழகுபாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அவ்வளவுதான், தாமரைச்செல்வி வாய்விட்டு அழுதாள். ஐந்து வருஷம், இந்தப் பிள்ளையை யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்று வாசல்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பயந்தவள் அவள். டவாலி 'ஸ்ஸ்' என்று அதட்டவந்து, அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிட்டார். மருது விசிலடிக்க வாயில் வைத்த விரலை, சாருலதா பார்த்த பார்வையில் எடுத்துவிட்டான்.

"மருதுங்கிறது நீங்கதானா?" என்றார் நீதிபதி, அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டே. "அந்த ஃப்ளெக்ஸை இப்ப வச்சுக்கலாம். இங்க இல்ல, உங்க ஊர்ல."

வராந்தாவில் சாருலதா அவர்களை நிறுத்தினார்.

"சந்தோஷத்துல இதைக் கேக்காமப் போயிடாதீங்க. கோர்ட் கொடுத்தது அனுமதிதான். இன்னும் தத்து நடக்கல."

தாமரைச்செல்வியின் முகம் வாடிவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. தத்துன்னா பிள்ளையைக் கையால கொடுக்கணும், கையால வாங்கணும். நாலு பேர் பார்க்க நடக்கணும். பத்திரம், பதிவு எல்லாம் அப்புறம். கார்டியனா இருக்கிறவர் அழகுபாண்டி. அதனால கொடுக்க வேண்டியது அவர்தான்."

"யாருக்கும்மா?" என்றான் அழகுபாண்டி.

"உங்களுக்குத்தான்."

"எனக்கு நானே எப்படிம்மா குடுத்து வாங்குறது?"

"சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது. எப்படிச் செய்யறீங்கங்கிறது உங்க சாமர்த்தியம். கொடுத்து வாங்குற வரைக்கும் நீங்க மாமாதான், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. போட்டோ நிறைய எடுங்க!" என்று சிரித்துவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார்.

அலங்காநல்லூர் போய்ச் சேரும்போது சாயங்கால நல்ல நேரம் தொடங்கியிருந்தது. தீர்ப்புச் செய்தி மருதுவின் போன் வழியாக அவர்களுக்கு முன்பே ஊருக்குள் போயிருந்தது. குலசாமி கோயில் வாசலில் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. தமிழ்வாணிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, கையில் ஊசியோடு ஆசாரி தயாராக இருந்தார்.

பாய்க்கு முன்னால் மருதுவின் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பாயில் மருது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அழகுபாண்டி ஒரு கணம் நின்று பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்தான்.

"நடத்துங்கப்பா. அவன் சொல்றதுதான் மொற" என்றான்.

மருதுவுக்கு அப்போதுதான் மச்சான் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. எழுந்துவிட்டான். "மச்சான், நீங்க வந்து உக்காருங்க. அஸ்வினி ஒங்ககிட்டத்தான சொல்லிட்டுப் போச்சு."

"வேணாம்டா. நீ ஆசையா எடுத்து வச்சிட்ட. உக்காரு."

"நீங்க உக்காருங்கன்னா!"

"நீ உக்காருடா!"

காலையில் எனக்கு எனக்கு என்று இருந்த சண்டை, இப்போது உனக்கு உனக்கு என்று ஆகிவிட்டது. ஆளுக்கொரு கையைப் பிடித்து மற்றவனைப் பாயில் அமுக்கப் பார்த்தார்கள். ஆசாரி ஊசியைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரம் போகுதப்பா. ஏதாவது ஒரு மடியக் காட்டுங்க!"

"ரெண்டு பேரும் கைய எடுக்குறீகளா?" தாமரைச்செல்வி போட்ட சத்தத்தில் குலவைகூட நின்றுவிட்டது. "பிள்ளைக்குக் காது ஒண்ணா, ரெண்டா?"

யாருக்கும் விளங்கவில்லை.

"வக்கீலம்மா என்ன சொன்னாக? கையால குடுக்குற வரைக்கும் இவுக மாமாதான்னு சொன்னாகள்ல? அப்ப மொதக் காத இவுக மடியில குத்துங்க. அஸ்வினி கேட்டது ஆச்சு. குத்தி முடிச்சதும் அந்த மடியில இருந்தே பிள்ளைய எனக்குக் குடுக்கட்டும். நான் வாங்கிக்கிறேன். அப்பறம் எந்தம்பி தாய்மாமன். அடுத்த காதுக்கு அவன் மடி. இதுக்குப் போயி ஊரக் கூட்டிக்கிட்டு!"

கோயில் வாசலே கைதட்டியது. "எக்கா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்றான் மருது.

அழகுபாண்டி பாயில் உட்கார்ந்தான். தமிழ்வாணி அவன் மடியில் ஏறினாள். அவன் மனசுக்குள் 'அஸ்வினி, பாத்துக்கிட்டியா?' என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டான். ஆசாரி இடது காதைத் தடவிவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிட்டார். தமிழ்வாணி போட்ட அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. அவன் அவள் வாயில் வாழைப்பழத்தை வைத்து, கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைத் தூக்கினான்.

"தாமரை, எந்தங்கச்சி பிள்ளைய ஒனக்குத் தாரேன்."

"வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லி, தாமரைச்செல்வி மடியை விரித்து வாங்கினாள்.

அழகுபாண்டி எழுந்து, சீர்த்தட்டுகளைச் சுற்றிவந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பிள்ளையை மெதுவாக அவன் மடிக்கு நகர்த்தினாள்.

"ம்... இப்ப நீங்களும் வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டான். அதே பிள்ளை, அதே மடி. ஆனாலும் இத்தனை வருஷமாகத் தங்கச்சி பிள்ளையைத் தூக்கியவன், முதல்முதலாகத் தன் பிள்ளையைத் தூக்கினான்.

தமிழ்வாணி விம்மலுக்கு நடுவில் அவன் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "அதே மாமாதான்" என்று அம்மாவிடம் சொன்னாள். சிரிக்காத ஆளில்லை.

இரண்டாவது காதுக்கு அவள் லேசில் வரவில்லை. மருதுதான் சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டான். "இது போட்டோக் கடைக் கண்ணாடி இல்ல குட்டி, சொந்தக் கண்ணாடி. வரயில வாங்குனது." கண்ணாடி போட்டவர்கள் அழக் கூடாது என்று அவளாகவே முடிவுசெய்துகொண்டாளோ என்னவோ, புது மாமன் மடியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சத்தம் இல்லை. கூட்டம் விசிலடித்தது.

பந்தி தொடங்கியது. தமிழ்வாணி கண்ணாடியோடு இலைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். மருது மைக்கைப் பிடித்துவிட்டான். அழகுபாண்டி கோயில் சுவரோரம் தண்ணீர்க் கேனைத் தூக்கிவரப் போனபோது, சட்டைப்பைக்குள் பட்டன் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"லோனு வேணாம்ங்க" என்றான், எடுத்த எடுப்பில்.

அந்தப் பக்கம் ஒரு குரல்.

"மச்சான்..."

ஐந்து வருஷம் கழித்துக் கேட்டாலும் அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்தது. கையில் இருந்த கேனைக் கீழே வைத்தான்.

"மொதக் காதுக்கு அம்புட்டு அழுதா..." என்றது குரல். "ரெண்டாவதுக்கு அழவே இல்லையே மச்சான்."

அழகுபாண்டி கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்தான். பந்தியைப் பார்த்தான். பைக்குகள் நிற்கும் புளியமரத்தடி, டிரம் செட்டு, ரோட்டோரம் முதுகு காட்டி நிற்கும் ஆட்கள் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். கோபம் வந்தது. பயமும் வந்தது. கோர்ட் கையெழுத்துப் போட்டுவிட்டது என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டான். பிறகு, காலையில் கோர்ட்டில் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. வழியை அவன் அடைக்கவில்லை. இனியும் அடைக்கப்போவதில்லை. பிள்ளை இப்போது அவனுடையவள். அடைத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

"சாப்பிட்டியா மாப்ள?" என்றான்.

முத்துப்பாண்டி போனை வைக்கவில்லை. மருதுவின் குரல் ஒரு காதில் மைக் வழியாகவும், ஒரு காதில் போன் வழியாகவும் சேர்ந்து கேட்டது.

"சாப்பிடாம யாரும் போயிராதீக. சொந்தமோ அசலோ, யாரா இருந்தாலும் பந்திக்கு வாங்க. எல விரிச்சிருக்கு..."